மார்பளவில் ஓர் அங்குலம்

சாரல் நன்றாக விழுந்துகொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகும் சாலையில் உள்ள ஒரு விடுதியின் கூட்ட அறைக்கு என்னை அழைத்திருந்தார்கள். அழைத்தவர் சரவணன். நான் மருந்து ஆய்வாளராக இருந்தபோது என்னிடம் வேலை பழகியவர். பிறகு அரசு வேலையை விட்டுவிட்டு மருந்து மொத்த வியாபாரத்தில் இறங்கினார். "மேடம், சும்மா ஒரு கலந்துரையாடல். நீங்க வந்து ரெண்டு வார்த்தை பேசுனா வெயிட்டா இருக்கும்" என்றார். ஓய்வு பெற்றவளுக்கு வெயிட் என்ற சொல் பிடிக்காமல் போகுமா? போனேன்.

போய் உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, அது கலந்துரையாடல் இல்லை. ஒரு மனு ஏற்கெனவே தட்டச்சாகி மேசையில் இருந்தது. தசையை வளர்க்கும் ஸ்டீராய்டு ஊசிகளையும் மாத்திரைகளையும் வயது வந்த எவரும் மருத்துவர் சீட்டு இல்லாமலே மருந்துக்கடையில் வாங்க அரசு அனுமதிக்க வேண்டும் என்பது மனு. ஆஸ்துமாவுக்கும் மூட்டுவாதத்துக்கும் கொடுக்கிற ஸ்டீராய்டு வேறு. இது ஜிம்முக்குப் போகிற பிள்ளைகள் போட்டுக்கொள்வது. ஓய்வு பெற்ற ஆய்வாளர் என்ற பெயரில் கீழே எனக்கும் ஓர் இடம் விட்டிருந்தார்கள்.

ஜிம் நடத்துகிறவர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். மருந்துக்கடைக்காரர்கள் சிலர், இரண்டு மருத்துவர்கள், பள்ளிப் பிள்ளைகளை ஓட்டப் போட்டிக்குத் தயார் செய்யும் ஒரு பயிற்சியாளர். பிரவீன் என்ற இளம் ஜிம் உரிமையாளர் பேச எழுந்தார். நன்றாகவே பேசினார்.

"தடை இருக்கதுனாலதான் மேடம் போலி வருது. அருவியில தண்ணி கூடுதுன்னு கயிறு கட்டுதாவ. சனம் வீட்டுக்கா போவுது? கயிறு கட்டாத இடமாப் பாத்து எறங்குது. அங்கனதான் சாவுதாவ. கடையில நல்ல சரக்கு கெடைச்சா எவன் போய் அழுக்கு ஊசியைப் போடுவான்? அரசாங்கமே கடை தெறந்து சாராயம் விக்குது. அது என்ன, ஈரலுக்கு டானிக்கா?"

கைதட்டல் அடங்க நேரமானது. அடுத்துப் பயிற்சியாளர் எழுந்தார். அவர் நேர் எதிர். "ஊசி போட்டவனை முதல்ல உள்ள தூக்கிப் போடணும். விக்கிறவனை அப்புறம் பாத்துக்கிடலாம். நாலு பேரு ஜெயிலுக்குப் போனா மத்தவன் எல்லாம் ஒழுங்கா ஓடுவான்."

என்னிடம் ஒலிபெருக்கியைக் கொடுத்தார்கள். "கடையையும் திறந்துவிடக் கூடாது, ஊசி போட்டவனை உள்ளே தள்ளவும் கூடாது. மனுவில் நான் கையெழுத்துப் போடமாட்டேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். "அப்போ மேடம் எந்தப் பக்கம்?" என்று பிரவீன் கேட்டார். "நான் பக்கம் சேர வரலை தம்பி" என்றேன்.

அன்று மாலைக்குள் வாட்ஸ்அப் குழுக்களில் எனக்கு இரண்டு பெயர் வந்துவிட்டது. ஒரு சாரார், அந்தம்மா ஜிம்காரர்களுக்கு ஜென்ம விரோதி என்றார்கள். இன்னொரு சாரார், அந்தம்மா ஊசிக்காரன்களுக்கு வக்காலத்து வாங்குகிறாள் என்றார்கள். சரவணன் மட்டும் போன் செய்து, "ஏன் மேடம் அப்படிச் சொன்னீங்க? அதையாவது எழுதிக் குடுங்க" என்றார். எழுதுகிறேன். யாருக்கும் சமாதானம் சொல்வதற்காக எழுதவில்லை.

நான் மருந்தியல் படித்தவள். தேர்வெழுதி ஆய்வாளரானேன். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சட்டப் புத்தகத்தை மனப்பாடம் செய்தோம், சென்னையில் விடுதிச் சாப்பாட்டைத் திட்டினோம், ஊர் வந்து சேர்ந்தோம். வேலையை உண்மையில் நான் கற்றுக்கொண்டது திருநெல்வேலி அலுவலகத்தில், உதவி இயக்குநர் ராஜமாணிக்கத்திடம். தென்காசி அப்போது தனி மாவட்டமாகவில்லை. சிவகிரியில் ஒரு கடையைப் பார்த்துவிட்டு வந்தாலும் அறிக்கையைத் திருநெல்வேலிக்கு எடுத்துப்போய் அவர் முன்னால் நிற்க வேண்டும்.

அவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. ஆய்வுக்குப் போகும் கடைத்தெருவில் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கமாட்டார். அறிக்கையைத் தன் கையில் வாங்கிப் படிக்கவும்மாட்டார். நாம் நின்றுகொண்டு உரக்க வாசிக்க வேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். "கடையில் பெருமளவில் காலாவதி மருந்து இருந்தது" என்று வாசித்தால் கண் திறக்கும். "பெருமளவுன்னா எவ்வளவும்மா?" எண்ணைச் சொன்னதும், "அதை எழுதுங்க. பெருமளவை எடுத்திடுங்க" என்பார். "மிகவும் அசுத்தமான அறை" என்றால், "மிகவும்ங்கிறதை நீதிபதி எப்படிப் பார்ப்பார்? தரையில என்ன கிடந்ததுன்னு சொல்லுங்க" என்பார். ஒரு வருடத்தில் என் அறிக்கையிலிருந்து அடைமொழிகள் எல்லாம் ஓடிப்போயின. வீட்டில் என் கணவரிடம் சாம்பார் நன்றாக இருக்கிறதா என்று கேட்டு, அவர் "ரொம்ப" என்றால்கூட, "ரொம்பன்னா?" என்று கேட்கும் அளவுக்கு ஆகிவிட்டேன்.

மருந்து மாதிரி எடுப்பதை அவர் ஒரு பூசைபோலச் செய்வார். கடைக்காரருக்கு எதிரிலேயே மாதிரியை நான்கு பங்காகப் பிரிக்க வேண்டும். ஒன்று கடைக்காரருக்கே. ஒன்று அரசுப் பகுப்பாய்வுக் கூடத்துக்கு. ஒன்று நீதிமன்றத்துக்கு. ஒன்று, மருந்தைச் செய்தவர் அல்லது கொடுத்தவர் யார் என்று தெரிந்தால் அவருக்கு. ஒவ்வொரு பங்கையும் உறையிலிட்டு நூல் கட்டி அரக்கு வைப்போம். கடைக்காரர் விரும்பினால் தன் முத்திரையையும் வைக்கலாம் என்று அவரிடம் சொல்ல வேண்டும். சும்மா முணுமுணுத்தால் போதாது, அவர் காதில் விழும்படி சொல்ல வேண்டும். அரக்கு ஆறும்வரை ராஜமாணிக்கம் சார் முத்திரையைத் தூக்கவிடமாட்டார். "அவசரப்பட்டு எடுத்தா எழுத்து கலங்கும்மா. கலங்கின எழுத்துதான் எதிர்த்தரப்பு வக்கீலுக்குச் சாப்பாடு."

அவர் யாருக்கும் பயந்தவர் என்று நான் சொல்லமாட்டேன். சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து கோப்பு திரும்பி வந்துவிடுமோ என்பதற்கு மட்டும்தான் பயந்தார். அந்தப் பயம் அவரிடம் நிறைய இருந்தது.

தசை ஸ்டீராய்டு என்றாலே விஷம் என்று நினைக்கிறவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். அது மருந்துதான். ஒரு சமயம் ஜிம்களில் இந்த ஊசி பரவுகிறது என்று தெரிந்து தென்காசி வட்டாரம் முழுக்கக் கடை கடையாக நான் சோதனை போட்டேன். அது முடிந்த சில வாரங்களில் ஆய்க்குடியிலிருந்து ஒருவர் அலுவலகம் தேடி வந்தார். எலும்பு மஜ்ஜையில் ரத்தம் ஊறாத நோய் அவருடைய தம்பிக்கு. இந்த வகை மாத்திரை ஒன்றைத்தான் மருத்துவர் எழுதியிருந்தார். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று ஊர் சுற்றியிருக்கிறார். கிடைக்கவில்லை.

அவரைக் கூட்டிக்கொண்டு தென்காசியில் ஒரு பெரிய கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று கும்பிட்டார்.

"அந்த மாத்திரையே நாங்க இப்போ வைக்கது இல்ல மேடம். ஒரு பிரச்சினையும் வேண்டாம்னு கம்பெனிக்கே திருப்பிட்டோம்."

"சீட்டு இருக்கே அண்ணாச்சி?"

"சீட்டு இருந்தாலும் வேண்டாம் மேடம். நாளைக்கு நீங்களே வந்து கேப்பீங்க."

"இப்பவே வந்து கேக்கேன். சீட்டோட வந்த நோயாளிக்கு மருந்து வரவழைச்சுக் குடுக்க மாட்டேன்னா, செவுத்துல லைசென்ஸை எதுக்கு மாட்டி வச்சிருக்கீங்க?"

வரவழைத்துக் கொடுத்தார். சீட்டுடன் வருகிறவருக்குத் தரவேண்டியதைத் தராமல் இருப்பதற்கு என் பெயர் காரணமாகக் கூடாது என்று வட்டாரத்தில் எல்லாக் கடைக்காரர்களையும் கூப்பிட்டுச் சொன்னேன். ஆகவே என்னை மருந்துக்கு எதிரி என்று எழுதுகிறவர்கள் ஆய்க்குடிப் பக்கம் போய் விசாரித்துவிட்டு எழுதட்டும்.

இனி இசக்கிமுத்து. பெயரைச் சொல்லலாமா என்று அவனிடமே கேட்டேன். "தாராளமாப் போடுங்க மேடம், நான் என்ன களவா செஞ்சேன்?" என்றான்.

வாசுதேவநல்லூர்க்காரன். அப்பா அம்மா இல்லை. பீடி சுற்றும் அக்கா மாரியம்மாள்தான் அவனை வளர்த்தாள். அவள் கல்யாணத்தைக்கூடத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள், தம்பி போலீஸில் சேர்ந்துவிட்டால் பிறகு பார்க்கலாம் என்று. எங்கள் பக்கத்தில் விடிந்தும் விடியாமலும் சாலையோரம் ஓடும் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். எல்லாம் போலீஸுக்கும் ராணுவத்துக்கும் ஆளெடுப்புக்குத் தயாராகிறவர்கள். இசக்கிமுத்து ஓட்டத்தில் கெட்டிக்காரன். கயிறு ஏறுவான். எழுத்துத் தேர்விலும் தேறியிருந்தான். மார்பளவில் மட்டும் ஓர் அங்குலம் போதவில்லை. அந்த ஓர் அங்குலத்துக்காக ஒருமுறை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

தென்காசி அரசு மருத்துவமனையிலிருந்து எனக்கு அழைப்பு வந்தபோது அவன் அங்கே குப்புறப் படுத்திருந்தான். இடுப்புக்குக் கீழே ஊசி போட்ட இடம் பழுத்துச் சீழ் கோத்திருந்தது. காய்ச்சல் இறங்கவில்லை. கண்ணெல்லாம் மஞ்சள். மருத்துவர் ஜெனிபர், கண்டிப்பான பெண், என்னை வராந்தாவுக்கு அழைத்துப்போய்ச் சொன்னார்.

"ஏதோ போட்டிருக்கான். என்ன போட்டான், எத்தனை போட்டான், வேற என்ன முழுங்கினான், ஒண்ணும் சொல்ல மாட்டேங்கான். முள்ளு குத்திட்டுன்னு சொல்லுதான். இவன் பையில இந்தக் குப்பி இருந்துச்சு. உள்ள என்ன இருக்குன்னு தெரியாம நான் எதுன்னு நெனைச்சு வைத்தியம் பண்ண?"

குப்பியை வாங்கிப் பார்த்தேன். பளபளப்பான லேபிள், வெளிநாட்டுப் பெயர், மின்னும் முத்திரை. லேபிள் மட்டும் கோணலாக ஒட்டப்பட்டிருந்தது.

கட்டில் பக்கத்தில் மாரியம்மாள் நின்றாள். நான் யாரென்று சொன்னதும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "யம்மா, அவன் ஒரு தப்பும் பண்ணலம்மா. கேஸு கீஸுன்னு எழுதிராதீய. அவன் செலக்சனுக்குப் போவணும்மா."

நான் இசக்கிமுத்துவின் தலைமாட்டில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"யாருகிட்ட வாங்குன?"

போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டான்.

"சொன்னா என்ன ஆயிரும்னு பயப்படுத?"

சுவரைப் பார்த்தபடியே சொன்னான். "கேஸ்ல பேரு வந்தா போலீஸ்ல எடுக்க மாட்டாவ மேடம். வெரிபிகேசன்ல கழிச்சிருவாவ. அதுக்கு நான் இப்பிடியே செத்துப் போறேன்."

அவன் சொன்னது பொய்யில்லை. வழக்கில் பெயர் இருந்தாலே கழித்துவிடுவார்கள். இருபத்திரண்டு வயதுப் பிள்ளைக்கு அந்தக் கணக்கு தெளிவாக இருந்தது. உயிரா, உத்தியோகமா என்று போட்டுப் பார்த்து, உத்தியோகம் என்று முடிவு கட்டிப் படுத்திருந்தான்.

சட்டத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஊசியைத் தனக்குப் போட்டுக்கொண்டவனை என் சட்டம் தேடவில்லை. உரிமமில்லாமல் விற்றவனையும் போலியாகச் செய்தவனையும்தான் அது தேடுகிறது. "என் வழக்குல நீ குத்தவாளி இல்ல, சாட்சி. உன் மேல கேஸ் வராது. இது நான் சொல்லுதேன்" என்றேன்.

"நெசமாவா?"

"டாக்டரம்மா கேட்டுக்கிட்டுதான் நிக்காங்க. அக்காவும் நிக்கா."

அவன் அழுதான். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னான். தென்காசியில் ஒரு ஜிம் பயிற்சியாளர்; எல்லோரும் அவரை மாஸ்டர் என்றுதான் அழைத்தார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். ஜிம் பிள்ளைகளுக்குப் புரோட்டீன் சத்து மாவு விற்கிற கடையும் அவருக்கு உண்டு. ஊசி அவரிடம். மாத்திரை ஒரு மருந்துக்கடையில், சீட்டு இல்லாமல். சொல்லி முடித்தவன் என் பக்கம் திரும்பி, "இன்னும் ஒண்ணு இருக்கு மேடம்" என்றான்.

"சொல்லு."

"என்கூட ஓடுத ரெண்டு பேருக்கு நான்தான் வாங்கிக் குடுத்தேன். அவனுவளும் போட்டிருக்கானுவ."

நான் மருத்துவரைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே செவிலியரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த இரண்டு பேர் வீட்டுக்கும் அப்போதே ஆள் போனது. ஒருவனுக்குக் காய்ச்சல் தொடங்கியிருந்தது. வீட்டில் கஷாயம் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இன்னொருவனுக்கு ஊசி போட்ட இடம் சிவந்து தடித்திருந்தது. இரண்டு பேரையும் உரிய நேரத்தில் மருத்துவமனையில் சேர்த்தோம். இருவரும் பிழைத்தார்கள். இசக்கிமுத்துவும் பிழைத்தான், அறுவைக்குப் பிறகு. ஆனால் அவனுடைய இடது கால் அதன்பின் அவனை முன்போல ஓட விடவில்லை.

மறுநாளே இரண்டு சாட்சிகளுடன் மாஸ்டரின் கடைக்குப் போனேன். முன்பக்கம் சத்து மாவு டப்பாக்கள். பின்னறையில் நல்லெண்ணெய் டின், காலிக் குப்பிகள், மூடியை அழுத்தி ஒட்டும் கைக்கருவி, சுருள் சுருளாக அந்தப் பளபளப்பு லேபிள். சமையலறையில் கழுவிக் கவிழ்த்ததுபோலக் குப்பிகள் ஒரு துண்டின் மேல் காய்ந்துகொண்டிருந்தன.

மாஸ்டர் பதறவில்லை. "மேடம், பயலுவ வந்து கேக்கானுவ, நான் குடுக்கேன். யாரையும் கையைப் புடிச்சுப் போட்டு விட்டேனா? அவனவன் ஒடம்பு, அவனவன் இஷ்டம்" என்றார்.

"உம்ம உடம்புல எந்தக் குப்பி ஏறியிருக்கு? இதுல ஒண்ணைக் காட்டும்."

அவர் சிரித்தார். "நமக்கு ஒரிஜினல் வருது மேடம்."

நான் அதற்கு மேல் பேசவில்லை. நான்கு பங்காகப் பிரித்தேன். உறையிட்டேன். உங்கள் முத்திரையையும் வைக்கலாம் என்று அவர் காதில் விழும்படி சொன்னேன். அரக்கு ஆறும்வரை காத்திருந்தேன். பகுப்பாய்வு முடிவு வந்தபோது, லேபிளில் எழுதியிருந்த மருந்து குப்பிக்குள் இல்லை. வேறொரு ஹார்மோன் கொஞ்சம் இருந்தது. கிருமி இருந்தது. மிச்சமெல்லாம் எண்ணெய். சீட்டில்லாமல் மாத்திரை விற்ற மருந்துக்கடையின் உரிமத்தையும் நிறுத்திவைத்தோம்.

வழக்கு அறிக்கையை எடுத்துக்கொண்டு திருநெல்வேலிக்குப் போனேன். நின்று வாசித்தேன். ராஜமாணிக்கம் சார் கண்ணை மூடிக் கேட்டார். ஓர் இடத்திலும் நிறுத்தவில்லை. முடித்ததும் கண்ணைத் திறந்து, குற்றம் சாட்டப்பட்டவர்களை, வழக்கு மொழியில் எதிரிகளை, எண்ணினார்.

"முதல் எதிரி மாஸ்டர். ரெண்டாவது மருந்துக்கடைக்காரர். சரி. அந்தப் பையன்?"

"சாட்சி, சார்."

"ரெண்டு பேருக்கு மருந்து கொடுத்திருக்கான். லைசென்ஸ் இருக்கா அவன்கிட்ட?"

"இல்லை சார்."

"அப்ப அவன் யாரு?"

"நோயாளி, சார்."

"நோயாளிங்கிறது எந்தப் பிரிவுல வருதும்மா?"

"எந்தப் பிரிவுலயும் வராது சார். ஆனா அவன் வாயைத் திறக்கலைன்னா நமக்கு எந்தப் பிரிவும் கிடைச்சிருக்காது."

அவர் பேனாவை எடுத்து மூடியைத் திருகினார். "வாக்கு கொடுத்தீங்களா?"

"கொடுத்தேன்."

"யாரைக் கேட்டு?"

"கேட்க நேரமில்லை சார். இன்னும் ரெண்டு பேர் உடம்புல அதே மருந்து இருந்துச்சு."

"நாளைக்குச் சென்னையில கேட்பாங்க. கையில அகப்பட்டவனை விட்டுட்டு வழக்குப் போட்டிருக்கீங்களேன்னு கேட்பாங்க. எதிர்த்தரப்பும் அதையேதான் பிடிச்சுக்கும். அவனையும் எதிரியாச் சேர்த்து எழுதிட்டு வாங்க."

அதுவரை அவர் சொன்ன ஒரு திருத்தத்தைக்கூட நான் மறுத்ததில்லை. அன்று மறுத்தேன். "மாத்தி எழுதமாட்டேன் சார். உங்க கருத்தைத் தனிக்குறிப்பா எழுதி மேலே அனுப்புங்க. என் அறிக்கை என் கையெழுத்தோட இப்படியே போகட்டும். இவனைக் கூண்டுல ஏத்துனா அடுத்து ஊசி பழுத்து வர்றவன் டாக்டர்கிட்ட முள்ளு குத்திட்டுன்னுதான் சொல்லுவான். முள்ளுன்னு சொல்லியே சாவான்."

அலுவலகத்தில் மற்றவர்கள் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். அவர் பேனாவை மூடிவைத்தார். பிறகு கோப்பை வாங்கிக்கொண்டார். அவர் சொன்னபடியே தனிக்குறிப்பு எழுதினார், என் அறிக்கையில் ஓர் எழுத்தையும் தொடவில்லை. இரண்டும் சேர்ந்து சென்னைக்குப் போயின. அங்கே என் அறிக்கைப்படியே வழக்குத் தொடர அனுமதி கிடைத்தது.

ஆனால் அந்த வருடம் என் பணிக்குறிப்பில் அவர் ஒரு வரி எழுதியிருந்தார்: "பிடிவாதம் மிக்கவர்." பாதகமான குறிப்பு என்பதால் எனக்கும் ஒரு நகல் வந்தது, விளக்கம் கேட்டு. நான் ஒரே வரியில் பதில் எழுதினேன்: "மிக்கவர் என்றால் எவ்வளவு என்று தெரிவிக்கக் கோருகிறேன்." அதற்குப் பதில் வரவில்லை. மாற்றல் உத்தரவுதான் வந்தது. வடக்கே, மொழியில்கூட 'லே' இல்லாத ஒரு மாவட்டத்துக்கு.

வழக்கு ஆமையாக நகர்ந்தது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் பேருந்து பிடித்துத் தென்காசிக்கு வந்தேன். மாஸ்டர் தரப்பில் இசக்கிமுத்துவைக் கலைக்க முயன்றார்கள். முதலில் ஜிம்மில் வேலை தருகிறோம் என்றார்கள், பிறகு மிரட்டினார்கள். கல்யாணம் பேசிய இடத்தில் இவன் ஊசிக்காரன், பிள்ளை பிறக்காது என்று சொல்லி அதைக் கலைத்தார்கள். அவன் கலையவில்லை. சாட்சி சொல்ல வந்த அன்று மாரியம்மாள் நீதிமன்ற வாசலில் நின்று என்னிடம், "யம்மா, காலு போச்சு, செலக்சனும் போச்சு. இனி எங்களுக்கு என்ன பயம்?" என்றாள்.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் நேரே அந்த இடத்துக்குத்தான் வந்தார்.

"உம்ம கூட்டாளிகளுக்கு மருந்து குடுத்தது நீர்தான?"

"ஆமா, நான்தான்."

"அப்போ நீரும் குத்தவாளிதான?"

"இருக்கலாம்யா. அதை ஜட்ஜய்யா சொல்லட்டும். எனக்குக் குடுத்தது அந்தா நிக்காருல்லா, அவருதான்."

அவர்கள் அடுத்து ஒரு காரியம் செய்தார்கள். ஓய்வு பெற்றுவிட்ட ராஜமாணிக்கம் சாரைத் தங்கள் தரப்புச் சாட்சியாக அழைத்தார்கள். அவருடைய தனிக்குறிப்பு அவர்களுக்குக் கிடைத்திருந்தது. மேலதிகாரி பேச்சை மீறி ஆய்வாளர் ஓர் உண்மைக் குற்றவாளியைக் காப்பாற்றினார் என்று நிறுவுவது திட்டம். அவர் மெலிந்து, கைத்தடியுடன் கூண்டில் ஏறினார். என் பக்கம் பார்க்கவில்லை.

"இந்தப் பையனை எதிரியாச் சேர்க்கச் சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"ஆய்வாளர் கேட்டாங்களா?"

"கேட்கலை."

"அப்போ அவங்க செஞ்சது தப்பு."

"நான் சொன்னது ஆலோசனை. யார் எதிரி, யார் சாட்சின்னு விசாரிச்சு எழுத வேண்டியது ஆய்வாளர். மேலிடமும் அதை ஏத்துக்கிட்டது. அதுல தப்பு இல்லை."

"உங்க குறிப்புல வேற மாதிரி எழுதியிருக்கீங்களே?"

அவர் கைத்தடியைக் கை மாற்றிக்கொண்டார். "நான் கோப்பைப் பார்த்து எழுதினேன். அவங்க அந்தப் பையனைப் பார்த்து எழுதினாங்க" என்றார்.

வெளியே வந்தபோது அவரை ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். நன்றி சொல்லலாமா என்று வாயெடுத்தேன். "முத்திரை எல்லாம் தெளிவா இருந்ததும்மா. ஒண்ணுகூடக் கலங்கலை" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மாஸ்டருக்குத் தண்டனை கிடைத்தது. மேல்முறையீடு செய்து வெளியே இருக்கிறார். கடைசித் தீர்ப்பு இன்னும் வரவில்லை. இசக்கிமுத்து சிவகிரியில் ஓர் எலுமிச்சை கமிஷன் மண்டியில் வேலை பார்க்கிறான். கல்யாணமாகி வெகுநாள் குழந்தையில்லாமல் மதுரை ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடந்து, இப்போது ஒரு பெண் குழந்தை. மாரியம்மாளும் கல்யாணம் செய்துகொண்டாள், தாமதமாகத்தான்.

இப்போது பிரவீனுக்கு வருகிறேன். அவர் கேட்டது தள்ளிவிடக்கூடிய கேள்வியல்ல. கடையில் சுத்தமான மருந்து கிடைத்திருந்தால் இசக்கிமுத்துவுக்கு அந்தச் சீழ் வந்திருக்காது. உண்மை. ஆனால் மருத்துவர் ஜெனிபர் பிறகு ஒருநாள் சொன்ன இன்னொன்றும் உண்மை. சீழ் வந்தது மாஸ்டரின் போலி ஊசியால். கண் மஞ்சளானதும், பின்னால் பிள்ளைக்காக அலைந்ததும் மருந்துக்கடையில் வாங்கிய அசல் மாத்திரையால். உறை கிழியாத, முத்திரை கலங்காத, உரிமம் பெற்ற கடையில் விற்ற நல்ல சரக்கு அது. சாராயத்தை அரசு விற்கிறதே என்று கைதட்டினீர்கள். விற்று என்ன ஆனது என்று நம் தெருவில் எந்த வீட்டுப் பெண்ணிடம் கேட்டாலும் சொல்வாள். ஒரு தவறைக் காட்டி இன்னொரு தவறுக்கு உரிமம் கேட்காதீர்கள்.

அந்த ஓட்டப் பயிற்சியாளருக்கும் சொல்கிறேன். போட்டவனை உள்ளே தூக்கிப் போடு என்ற உங்கள் சட்டம் அன்று இருந்திருந்தால், சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவன் கடைசிவரை திரும்பியிருக்கமாட்டான். அந்த இரண்டு வீட்டிலும் கஷாயம் கொதித்துக்கொண்டே இருந்திருக்கும்.

இதை எழுதுவதற்கு முன் இசக்கிமுத்துவுக்குப் போன் செய்தேன். மண்டியில் ஏலம் கூவும் சத்தம் கேட்டது. குற்றாலத்தில் நடந்ததை எல்லாம் சொல்லி, "நீ என்ன நெனைக்க? அன்னைக்குக் கடையில தாராளமாக் கெடைச்சிருந்தா, மாஸ்டர்கிட்டப் போயிருக்க மாட்டேல்லா?" என்று கேட்டேன்.

"போயிருக்க மாட்டேன் மேடம்."

"அப்போ அவங்க சொல்லுதது சரிதான?"

சத்தத்திலிருந்து விலகி எங்கேயோ ஒதுங்கிப் போனான் போலிருக்கிறது. குரல் தெளிவாகக் கேட்டது.

"மாஸ்டர்கிட்ட வாங்கும்போது ஒளிச்சு வாங்கினேன் மேடம். தப்புன்னு தெரியும். அதனால அக்காகிட்டச் சொல்லலை, கொஞ்சமாத்தான் போட்டேன். அதையே கவர்மென்ட்டு கடையில வச்சு, பில்லுப் போட்டு விக்குதுன்னு வைங்க. தம்பிக்கு ஒரு இஞ்சு கூடணும்னு எங்க அக்காவே பீடி சுத்தி வாங்கிக் குடுத்திருப்பா. மாசாமாசம் வாங்கிக் குடுத்திருப்பா."